மடங்கிய விரல்களுக்கு ஒரு சுவிசேஷம்

நெமிலி, பனப்பாக்கம் பக்கத்து வீடுகளில் யாருக்காவது உடம்பு முடியாமல் போய், உள்ளூர் டாக்டரும் கையை விரித்துவிட்டால், அடுத்த பேச்சு ஒன்றுதான்: ‘வேலூருக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்.’ வேலூரில் எந்த ஆஸ்பத்திரி என்று யாரும் கேட்பதில்லை. சி.எம்.சி. என்பது சொல்லாமலே விளங்கும்.

அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண். ஆனால் பிறந்தது 1870-ல் ராணிப்பேட்டையில். 2019-ல் வேலூரைப் பிரித்து உருவாக்கிய ராணிப்பேட்டை மாவட்டத்தில்தான் இன்று நெமிலியும் இருக்கிறது. அந்தக் கணக்கில் நெமிலிக்காரர்களுக்கு அவர் சொந்த மாவட்டத்துக்காரர்.

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டிய கதை பலருக்கும் தெரிந்திருக்கும். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். டாக்டரான ஐடாவின் அப்பா வரத் தயார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். டாக்டர் படிப்பே வேண்டாம் என்றிருந்த இளம்பெண் அந்த இரவு முழுக்க ஜெபித்தார். 1900-ல் டாக்டராகத் திரும்பி வந்து, வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். பிறர் தனக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்று வரவில்லை, தானே பணிவிடை செய்யத்தான் வந்தேன் என்ற பொருளில் இயேசு பேசிய இடம் ஒன்று மத்தேயு 20-ம் அதிகாரத்தில் வருகிறது. அதுவே அவர் உருவாக்கிய கல்லூரியின் குறிக்கோளானது.

அதே வளாகத்தில், ஐடா உயிரோடு இருந்த காலத்திலேயே, இன்னொரு சுவிசேஷப் பகுதிக்கும் கை முளைத்தது. மாற்கு முதல் அதிகாரத்தின் கடைசி ஆறு வசனங்கள். கோயிலில் வாசிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

தொட்டது முதலில், குணமானது பிறகு

ஒரு தொழுநோயாளி இயேசுவிடம் வருகிறார். பழைய தமிழ் வேதாகமம் அவரைக் ‘குஷ்டரோகி’ என்றது. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘தொழுநோயாளர்’ என்று மரியாதை கூட்டியிருக்கிறது. இந்த ஒரு விகுதிக்காகவே அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். (அக்காலத்தில் அந்தச் சொல் பலவிதத் தோல் நோய்களையும் சேர்த்தே குறித்தது என்பார்கள் வேத அறிஞர்கள். நோய் எதுவானாலும் ஊருக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். யாராவது எதிரே வந்தால், தான் தீட்டுப்பட்டவன் என்று கத்தி எச்சரிக்கவும் வேண்டும். லேவியராகமம் 13-ல் அந்தச் சட்டம் இருக்கிறது.)

வந்தவர் கேட்ட கேள்வியைக் கவனிக்க வேண்டும். ‘உம்மால் முடியுமா?’ என்று அவர் கேட்கவில்லை. முடியும் என்று அவருக்குத் தெரியும். உமக்கு மனசு இருக்கிறதா என்பதுதான் அவருடைய சந்தேகம். ஒதுக்கப்பட்ட எவருக்கும் வரும் சந்தேகம் அது.

இயேசு வெறும் வார்த்தையாலேயே குணமாக்கக்கூடியவர். நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனை, அந்த வீட்டுப் பக்கமே போகாமல் குணமாக்கியதாக மத்தேயு 8 சொல்கிறது. ஆனால் இங்கே கையை நீட்டித் தொடுகிறார். குணமான பிறகு தொட்டிருந்தால் அது வெறும் பாராட்டு. நோய் இருக்கும்போதே தொட்டார். தேகத்தைக் குணமாக்க அந்தத் தொடுதல் தேவைப்படவில்லை. வேறு எதற்கோ தேவைப்பட்டிருக்கிறது.

கடைசி வசனத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அவசரமாக வாசிப்பவர்கள் அதைத் தவறவிட்டுவிடுவார்கள். குணமானவர் ஊரெல்லாம் போய்ச் சொல்லிவிடுகிறார். அதனால் இயேசுவால் எந்த ஊருக்குள்ளும் வெளிப்படையாக நுழைய முடியவில்லை. வெளியே, ஆளில்லாத இடங்களில் தங்குகிறார். வெளியே நின்றவர் ஊருக்குள் போய்விட்டார். தொட்டவர் வெளியே நிற்கிறார். இடம் மாறிவிட்டது.

இந்தப் பகுதியைத் தியானிக்க உட்காருகிறவர் இப்படி ஜெபிக்கலாம்:

*ஆண்டவரே, உமக்கு மனசு உண்டா என்று அந்த மனிதர் கேட்டார். எனக்கு மனசு உண்டா என்று நீர் என்னைக் கேட்கிறீர். பார்த்தும் பார்க்காததுபோல நான் விலகிப்போன ஒரு முகத்தை இன்றைக்கு எனக்கு ஞாபகப்படுத்தும். ஆமென்.*

வலிக்க வலிக்க ஒரு கைகுலுக்கல்

பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். மிஷனரியாக மலைவாழ் மக்களிடையே உழைத்த அப்பா 1929-ல் காய்ச்சலில் இறந்துபோனார். மகன் இங்கிலாந்தில் அறுவை சிகிச்சை படித்துவிட்டு 1946-ல் வேலூர் வந்தார். அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் தொழுநோய் அதிகம். வேலூர்த் தெருக்களில் மடங்கிய கைகளை நீட்டிப் பிச்சை கேட்பவர்களைப் பார்க்காமல் நடக்க முடியாது.

1947-ல் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் தொழுநோய் மருத்துவத்தில் பெரிய பெயர். வளாகத்தைச் சுற்றிப் பார்க்கும்போது பிராண்டின் கண் முழுக்க நோயாளிகளின் கைகளிலேயே இருந்தது. விரல்கள் கழுகின் நகம்போல் உள்ளே வளைந்திருந்தன. ஒரு நோயாளியிடம், ‘என் கையைப் பிடித்து முடிந்தவரை அழுத்து’ என்றார். சக்தியில்லாத பிடியை எதிர்பார்த்தவருக்கு உள்ளங்கையில் சுரீரென்று வலித்தது. அப்படி ஓர் இரும்புப் பிடி.

அந்த வலிதான் கண்டுபிடிப்பு. நோய் சில நரம்புகளைத்தான் செயலிழக்கச் செய்கிறது; முன்கையில் நல்ல தசைகள் மிச்சமிருக்கின்றன. அப்படியென்றால் நல்ல தசையின் வேலையை, செயலிழந்த விரலுக்கு மாற்றிவிடலாமே? தள்ளி நின்று பார்த்துவிட்டு மட்டும் போயிருந்தால் இது அவருக்குத் தெரிந்திருக்காது. அந்தக் கையைப் பிடித்ததால்தான் தெரிந்தது.

அடுத்த ஆண்டே வேலூரில் அறுவை சிகிச்சைகள் தொடங்கின. மாற்கு 3-ல் சூம்பிய கையோடு ஒருவர் ஜெப ஆலயத்தில் உட்கார்ந்திருப்பார். கையை நீட்டச் சொல்வார் இயேசு. வேலூரில் அது ஒரே சொல்லில் நடக்கவில்லை. தசைநாணை இடம் மாற்றித் தைத்து, வாரக்கணக்கில் மாவுக்கட்டுப் போட்டு, பிறகு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். ஒவ்வொரு விரலாக நிமிர்ந்தது.

இந்தக் காலத்துச் சம்பவம் ஒன்றைப் பிராண்ட் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஓர் இளைஞரைப் பரிசோதித்துவிட்டு, அவர் தோளில் கை வைத்து, என்ன சிகிச்சை என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று அந்த இளைஞர் விம்மி அழுதார். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று டாக்டர் பதறினார். அதெல்லாம் இல்லையாம். டாக்டர் தோளில் கை வைத்ததற்குத்தான் அழுதிருக்கிறார். பல வருஷமாக அவரை யாருமே தொட்டதில்லை.

மாற்கு எழுதிய அந்தத் தொடுதல் எதற்குத் தேவைப்பட்டது என்பதற்கு விளக்கவுரை வேண்டுமானால், இதைவிட நல்லது கிடைக்காது.

சரியான கையோடு பட்டினி

அதற்குப் பிறகு வந்ததுதான் சோதனை. கை சரியாகி ஊருக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். மடங்கிய கையை நீட்டினால் பிச்சையாவது விழுந்துகொண்டிருந்தது. இப்போது கை நன்றாக இருப்பதால் பிச்சையும் இல்லை. தொழுநோய் வந்தவன் என்பதால் வேலையும் இல்லை, தங்க இடமும் இல்லை. டாக்டர் செய்த நல்ல காரியம் அவர்களைப் பட்டினியில் தள்ளியிருந்தது.

பிராண்டை இது உலுக்கிவிட்டது. அவர் டாக்டருக்குப் படிப்பதற்கு முன் கட்டட வேலையும் தச்சு வேலையும் பழகியவர். கல்லூரி வளாகத்தை ஒட்டி மண்சுவர் வைத்த குடிசைகள் எழுந்தன. பெயர், ‘நவஜீவ நிலையம்’. கை சரியானவர்கள் அங்கே தங்கி மரவேலையும் பொம்மை செய்யவும் கற்றார்கள். புதிய கையால் வாழப் பழகினார்கள்.

சுவிசேஷத்தில் இதற்கும் ஓர் இடம் இருக்கிறது. குணமான உடனே இயேசு அந்த மனிதரை ஆசாரியனிடம் போய்க் காட்டச் சொல்கிறார். பிரசங்கங்களில் இந்த வரியை அநேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆசாரியன் பார்த்து, ‘இவன் சுத்தமானவன்’ என்று சொன்னால்தான் அவர் தெருவுக்குள் வர முடியும், வீட்டுக்குள் படுக்க முடியும், நாலு பேரோடு பந்தியில் உட்கார முடியும். தோல் சுத்தமாவது பாதி குணம். மீதிப் பாதி ஊரின் கையில் இருக்கிறது.

நம் ஊர் அந்த மீதிப் பாதியைக் கொடுக்க எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது? தொழுநோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க வெள்ளைக்காரர் 1898-ல் போட்ட சட்டம் 2016-ல்தான் ரத்தானது. கணவன் அல்லது மனைவிக்குத் தொழுநோய் என்றால் விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி, கிறிஸ்தவர்களுக்கான சட்டம் உட்படப் பல சட்டங்களில் 2019 வரை இருந்தது. இத்தனைக்கும் கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கத் தொடங்கியது 1980-களின் தொடக்கத்தில். ஆறு மாதமோ ஒரு வருடமோ மாத்திரை சாப்பிட்டால் நோய் முழுதாகக் குணமாகிவிடும். சாப்பிடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பிறருக்குப் பரவாது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. ‘அதெல்லாம் அந்தக் காலத்து வியாதி’ என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: உலகில் வருஷாவருஷம் புதிதாகக் கண்டறியப்படுபவர்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தாம்.

*ஆண்டவரே, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவர்களை நினைக்கிறோம். வாசலில் அவர்களைப் பார்த்ததும் எங்கள் கால் ஓரடி பின்னே போகாதிருக்கட்டும். அவர்களுடைய தட்டும் டம்ளரும் எங்கள் தட்டோடும் டம்ளரோடும் சேர்ந்தே கழுவப்படட்டும். ஆமென்.*

தனித் தட்டு, தனி டம்ளர் என்றதும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வியாதி மட்டும் ஞாபகம் வராது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் பதனிடும் ஊர்களில், தோலைத் தொட்டு வேலை செய்பவர்களைத் தொடக்கூடாதவர்களாக வைத்திருந்த கதையும் உண்டு. லூக்கா தன் சுவிசேஷத்துக்குப் பிறகு எழுதிய அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு சின்னத் தகவல் வருகிறது. யோப்பா பட்டணத்தில் பேதுரு அநேக நாள் தங்கியது சீமோன் என்ற தோல் பதனிடுகிறவர் வீட்டில். செத்த விலங்கின் தோலோடு புழங்குவதால் அந்தத் தொழிலை யூதர்களும் தாழ்வாகத்தான் பார்த்தார்கள். ஆம்பூர்க்காரர் ஒருவர் இந்த வசனத்தை வாசிப்பதும் மற்ற ஊர்க்காரர் வாசிப்பதும் ஒன்றாக இருக்க முடியாது. அந்த வீட்டில் என்ன வாடை அடித்திருக்கும் என்று ஆம்பூர்க்காரருக்குத் தெரியும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் சில ஊர்களில் கோயிலுக்குள் தனி வரிசையும் கல்லறைத் தோட்டத்தில் தனிப் பகுதியும் வைத்துக்கொண்டே இந்தச் சுவிசேஷத்தை ஞாயிறுதோறும் வாசித்திருக்கிறார்கள்.

தழும்போடு எழுந்த கைகள்

நவஜீவ நிலையத்து நோயாளிகளின் கூட்டம் ஒன்றுக்கு ஒரு மாலை பிராண்ட் தாமதமாக வந்து ஓரமாக உட்கார்ந்தார். களைப்பு வேறு. நீங்களும் நாலு வார்த்தை பேசுங்கள் என்று விடாமல் கேட்டார்கள். பேச எதுவும் தயார் செய்துகொண்டு வரவில்லை. எதிரே பார்த்தார். கைகள், கைகள், கைகள். சில கைகளில் விரல் இல்லை. சில கைகள் பாதி மறைத்து வைக்கப்பட்டிருந்தன.

தான் கைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன் என்பதால், மனிதர்களைப் பார்த்தாலே கண் கைக்குத்தான் போகும் என்று ஆரம்பித்தார். இயேசுவின் கைகளைப் பார்க்கக் கிடைத்திருந்தால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். எதையும் பிடிக்கத் தெரியாத குழந்தைக் கை. நகம் உடைந்து, கொப்புளம் போட்டு, காய்த்துப்போன தச்சனின் கை. நோயாளிகளைத் தொட்ட கை. பிறகு ஆணி அடித்த கை. அந்த இடத்தில் ஆணி இறங்கினால் நரம்புகள் அறுபடும், விரல்கள் உள்ளே மடங்கிவிடும் என்று அந்த அறுவை சிகிச்சை நிபுணருக்குத் தெரியும். எதிரே இருந்தவர்களின் கைகளைப் போலவே மடங்கிய கைகள்.

கடைசியில் யோவான் 20-க்கு வந்தார். உயிர்த்தெழுந்த பிறகு இயேசு தோமாவிடம் தன் கைகளைக் காட்டும் இடம். மரணத்தையே ஜெயித்த உடம்பில் தழும்பு மட்டும் ஏன் மிச்சம் இருக்க வேண்டும்? அவர் அதை வேண்டுமென்றே வைத்துக்கொண்டார் என்றார் பிராண்ட். காயப்பட்டவர்களின் வேதனையை அவர் என்றைக்கும் தன் கையிலேயே சுமக்கிறார்.

பேச்சு முடிந்ததும் நோயாளிகள் கைகூப்பினார்கள். விரல் இல்லாத கைகளும் மடங்கிய கைகளும், அதுவரை மடியில் மறைத்து வைத்திருந்த கைகளும் உயர்ந்தன. இந்த முறை யாரும் மறைக்கவில்லை.

அந்தக் கல்லூரியில் படித்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனார். கை இருக்கிறதே என்றார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு மருத்துவ நிலையம் அவர் உழைப்பில் எழுந்தது. நடக்க முடியாதவர் கை மடங்கியவருக்கு வைத்தியம் பார்த்த அந்தக் காட்சியை எந்தச் சுவிசேஷகனும் எழுதவில்லை. எழுதியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

படுக்கும் முன் ஒரு சோதனை

சுவிசேஷத்தை வாசித்துத் தியானிக்கத் தனிப் படிப்பு தேவையில்லை. 16-ம் நூற்றாண்டில் இக்னேஷியஸ் லயோலா சொல்லிக்கொடுத்த வழி இன்றும் பலருக்குக் கைகொடுக்கிறது. ஒரு பகுதியை மெதுவாக வாசிக்க வேண்டும். அந்த இடத்தைக் கண்ணுக்குள் கொண்டுவர வேண்டும்: வெயில், புழுதி, வாடை, கூட்டம். அந்தக் கூட்டத்தில் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும். மண்டியிட்ட நோயாளியாகவா, தொட்டதைப் பார்த்து முகம் சுளித்தவராகவா, தூரத்து மரத்தடியில் வேடிக்கை பார்ப்பவராகவா? முடிவில் ஒரு சிநேகிதரிடம் பேசுவதுபோல ஆண்டவரிடம் பேச வேண்டும். வீட்டில் ராத்திரி ஜெபத்துக்கு எல்லோரும் உட்காரும்போது பத்து நிமிஷம் போதும். ‘நீ எங்கே நின்னே?’ என்று கேட்டால் குழந்தைகள் பெரியவர்களைவிட நேர்மையாகப் பதில் சொல்வார்கள்.

இக்னேஷியஸ் இன்னொரு பழக்கமும் சொன்னார். தினமும் படுக்கப் போகும் முன் அன்றைய பொழுதைத் திரும்பிப் பார்ப்பது. வேலூர் டாக்டர்களும் நோயாளிகளுக்கு இதேபோல ஒரு பழக்கத்தைக் கட்டாயமாக்கினார்கள். அது உடம்புக்கு.

தொழுநோய் விரலைத் தின்றுவிடுகிறது என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பினார்கள். பிராண்டும் உடன் இருந்தவர்களும் உண்மையைக் கண்டறிந்தார்கள். நோய் உணர்ச்சியைத்தான் எடுத்துவிடுகிறது. சுடுபாத்திரத்தைப் பிடித்தால் தெரியாது. முள் குத்தினால் தெரியாது. தூங்கும்போது எலி கடித்தாலும் தெரியாது. (அதற்காக நோயாளிகளிடம் பூனை கொடுத்து அனுப்பினார்கள். மருத்துவ வரலாற்றில் பூனைக்கும் ஓர் இடம் உண்டு.) காலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கொப்புளத்தின் மேல் நாள் முழுக்க நடந்தால் அது புண்ணாகி, எலும்பு வரை போகும். எனவே மெத்தென்ற நுண்ணறை ரப்பர் வைத்த செருப்புகள் வேலூரில் உருவாயின. 1955-ல் காட்பாடி பக்கம் கரிகிரியில் திறந்த தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையில் இந்த வேலை பெரிதாக வளர்ந்தது. அரசு தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் இன்றும் கொடுப்பது அந்த ‘எம்.சி.ஆர்.’ செருப்புதான். ஆனால் அந்தச் செருப்பைப் பார்த்தே ஊர் கண்டுபிடித்துவிடும் என்று போடத் தயங்கியவர்களும் உண்டு. அதனால் கடையில் விற்கும் செருப்பைப் போலவே தெரியும்படி வடிவமைக்க வேண்டியிருந்தது.

உலகத்துக்கே பூட்ஸ் தைத்து அனுப்பும் சீமை இது. நெமிலி வட்டத்துப் பனப்பாக்கத்திலும் 2024-ல் ஒரு பெரிய காலணித் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். பெரிய வியாழன் அன்று கோயில்களில் யோவான் 13 வாசித்துப் பாதம் கழுவும் சடங்கு நடக்கும். பன்னிரண்டு பேர் காலைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார்கள். முதல் பாதம் கழுவுதலில் அந்த ஏற்பாடு இல்லை. சீஷர்கள் தெருப்புழுதியோடுதான் வந்தார்கள்.

*ஆண்டவரே, தோலைப் பதப்படுத்தும் கைகளுக்காகவும், செருப்பு தைக்கும் கைகளுக்காகவும் ஜெபிக்கிறோம். சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் வெந்துபோகாமல் அவற்றைக் காத்தருளும். இன்றைக்கு எங்களுக்கே வலி தெரியாமல் நாங்கள் யாரையாவது மிதித்திருந்தால், அதைக் காட்டித் தாரும். ஆமென்.*

உணர்ச்சியற்ற பாதத்தைப் பராமரிக்க நோயாளிகளுக்குச் சொல்லித்தருவது எளிமையானது. மாலையில் காலைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். தடித்த தோலை மெதுவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். ஈரம் போவதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். பிறகு வெளிச்சத்தில் உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு என்று ஒவ்வோர் இடமாகப் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க முடியாதவர்கள் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்ப்பார்கள். கண் சரியாகத் தெரியாதவர்களுக்கு, வீட்டில் இருக்கும் இன்னொருவர் அந்தக் காலைத் தன் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்வார்.